நாலு நாள் பத்தியம்

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் தொழிற்சாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதற்கு நாலு நாள் முன்னால் நான் யோக்கியனாகிவிடுவேன்.

முதல் நாள் சோற்றை நிறுத்த வேண்டும். இரண்டாம் நாள் காலையில் பாகற்காய்ச் சாறு, பகலில் கீரை, அதோடு ஒரே ஒரு கோதுமை தோசை. மூன்றாம் நாள் நடையும் சேர்ந்துகொள்ளும். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடி வரை போய்த் திரும்ப வேண்டும், அதுவும் சட்டை நனைகிற வேகத்தில். நாலாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மோரைத் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால் சர்க்கரை அளவு ஒழுங்காக வந்து நிற்கும். பரிசோதனை முடிந்த அன்று பகலில் எல்லாரும் சேர்ந்து பூந்தமல்லி போய் பிரியாணி சாப்பிடுவோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்து வைத்திருந்த வருடங்களில்கூடச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

இந்தப் பத்தியத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். மூன்று வருடம் என் உடம்பிலேயே செய்துபார்த்து, எந்த நாளில் எதை நிறுத்தினால் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னேன். எங்கள் பிரிவில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சர்க்கரை. மதியம் எட்டு டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்துவைத்து, எல்லாரும் எல்லாவற்றிலும் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் சேலம், ஒருவர் வேலூர். எங்களில் பலர் அண்ணனூர் குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் முப்பது வருடம் குடியிருந்து கடைசியில் எல்லார் வீட்டுக் குழம்பும் ஒரே ருசிக்கு வந்துவிட்டது. சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிற இடத்தில் வைத்தியத்தையும் பகிர்ந்துகொள்வது சகஜம்தானே. பரிசோதனைத் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும், "பத்தியம் எப்போ ஆரம்பம்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இதில் வேடிக்கை, என் வேலையே பரிசோதனைதான். லேத்தில் கடைந்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அனுப்புவேன், இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குவேன். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. கெஞ்சினாலும் நடக்காது, மிரட்டினாலும் நடக்காது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாள் தரையெல்லாம் கழுவி மஞ்சள் கோடு அடிப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வருஷம் பூரா குப்பை, ஒரு நாளைக்கு மட்டும் பெயிண்டா?" என்று கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாகற்காய் அரைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டுப் பேரில் எனக்கு ரொம்ப நெருக்கமானவன் கிரேன் ஓட்டுகிறவன். கொரட்டூர்க்காரன், ஏரிக்கரைக்குக் கொஞ்ச தூரத்தில் வீடு. கொட்டகையின் கூரைக்கு அடியில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்கிற பெரிய கிரேன் அது. அதில் தொங்குகிற சின்னக் கண்ணாடி அறைக்குள் அவன் உட்கார்ந்திருப்பான். கீழே நின்று ஒருவர் கை காட்டுவார். மேலே, கீழே, நிறுத்து, கொஞ்சம் இந்தப் பக்கம். பல டன் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவான். இருபத்தாறு வருடத்தில் அவன் தூக்கிய எதுவும் எதன்மேலும் இடித்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் இறங்குவான். வாய் ஓயாமல் பேசுவான். சாப்பிட்டதும் மறுபடி ஏணியைப் பிடித்து விடுவிடுவென்று ஏறிவிடுவான்.

எங்களுக்குப் பரிசோதனையில் சர்க்கரை கூடினால் திட்டும் மாத்திரையும் கிடைக்கும், அவ்வளவுதான். அவனுக்கு அப்படி இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும்போது தலை சுற்றினால் கீழே இருக்கிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்பதால், அளவு மீறினால் கிரேனிலிருந்து இறக்கித் தரை வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் என் பத்தியத்தை எங்களில் அவன்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். மற்றவர்கள் மூன்றாம் நாளில் ஒரு வடையைத் திருடித் தின்பார்கள். அவன் மாட்டான். மீதி வருடம் முழுவதும், எப்படியும் நாலு நாளில் இறக்கிவிடலாம் என்ற தைரியத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலை மருந்தகத்துக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். இளம் பெண். என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் இவ்வளவு அழகா இருக்கே, ஆனா கண் பார்வை ஏன் குறையுது?" என்று கேட்டார். நான் வயதாகிவிட்டது என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு சோதனை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்துச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற சோதனை. முடிவு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு நாள் ஏமாத்தலாம் சார், மூணு மாசம் ஏமாத்த முடியாது. சர்க்கரை மெதுவா நரம்பைத் தின்னும். காலில் அடிபட்டாக்கூடத் தெரியாது. உங்க பிரிவில் எல்லாரும் இதே மாதிரிதான் பண்றீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. வெளியே வந்த பிறகு யோசிக்க நேரம் இருந்தது. அன்று மதியமே எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். சொல்லியிருக்கலாம். அவன் தன் மனைவி கொடுத்தனுப்பிய எறாத் தொக்கை என் தட்டில் போட்டுக்கொண்டே, இன்னும் மூன்று வருடம் கிரேன் ஓட்டினால் ஓய்வு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தச் சோதனை எடுத்தால் மறு நாளே கீழே இறக்கிவிடுவார்கள். மூன்று வருடம்தானே, ஓட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் ஒரு மாதம் ஒழுங்காக நடந்தேன், சோற்றைக் குறைத்தேன். பிறகு மழை வந்தது, நடை நின்றது, சோறு பழைய அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் சொன்னதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் அவன் மனைவி காலுறைகளைத் துவைக்க எடுத்தபோது ஒன்று விறைப்பாக இருந்திருக்கிறது. உதறிப் பார்த்தால் காய்ந்த ரத்தம். அவனைக் கூப்பிட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தால் சுண்டு விரலுக்கு அடியில் ஒரு புண். அதற்குள் கடைசலில் சிதறுகிற இரும்புச் சில்லு ஒன்று புதைந்திருந்தது. ஷூவுக்குள் எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதோடு எத்தனை நாள் ஏணி ஏறி இறங்கினான் என்றும் தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டு விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அறுவை செய்த டாக்டர் அவன் மனைவியிடமும் என்னிடமும் பொதுவாகச் சொன்னார்: "இப்போ ரெண்டு விரலோட நிறுத்தியிருக்கோம். புண் ஆறணும். ஆறாமல் மேல ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டி வரும். அவருக்கு வலி தெரியாது, அதனால வேற ஒருத்தர் தினமும் பாதத்தைப் பார்க்கணும். சிவப்பு, வீக்கம், சூடு, நீர் கசியறது, எது இருந்தாலும் அன்னைக்கே வரணும்."

"நான் பாக்கறேன்," என்றேன். அவன் மனைவி நன்றியோடு என்னைப் பார்த்தாள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறாள். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். அவளுக்கு என் பத்தியத்தைப் பற்றித் தெரியும். மருந்தக டாக்டர் சொன்னதை நான் மறைத்தது தெரியாது. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

அண்ணனூரிலிருந்து கொரட்டூர் நாலாவது ஸ்டேஷன். காலை ரயிலைப் பிடித்து ஆறரைக்கு அவன் வீட்டில் இருப்பேன். முதல் நாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு முக்காலியில் வைத்திருந்தான். நான் கீழே உட்கார்ந்து, முக்காலியைத் தள்ளிவிட்டு, அவன் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அய்ய, இன்னா மாமே பண்ற? நீ போயி என் காலப் புடிக்கிறதா?"

"வேற எப்படிடா அடிப்பாதத்தைப் பாக்கிறது?"

"கண்ணாடி வெச்சு நானே பாத்துக்கிறேன். உடு."

"கண்ணாடியில சூடு தெரியுமா? காட்டு."

அவன் காலைக் கொடுக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க நைனா இந்த ஏரிக்குப் பின்னால வயல்ல கூலிக்குப் போனாரு. உன்ன மாரி ஆளுங்க ஊட்டாண்ட செருப்பக் கையில எடுத்துகினுதான் நடக்கணும். நான் பாத்துகீறேன். இப்போ நீ என் காலத் தூக்கி மடியில வெச்சுகினு கீற. எனக்கு ஒடம்பு கூசுது."

இருபத்தாறு வருடம் ஒரே பாத்திரத்தில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். இந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை. வராததால் அது இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு எட்டு மணிக்கு ஷிப்ட். ரயில் போயிடும்," என்றேன். அவன் காலை நீட்டினான்.

பாகத்தைப் பார்க்கிற மாதிரியே பாதத்தைப் பார்த்தேன். எனக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் சின்ன மேடுகூட நிழல் போடும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம் எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, மிச்சமிருந்த மூன்று விரல்களிலும் அடுத்த காலின் ஐந்திலும் என் விரல் நுனியால் லேசாகத் தொடுவேன். எந்த விரல் என்று அவன் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை. பாதி நேரம் அவனுக்குத் தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டு, "இன்னா, பாஸா ஃபெயிலா?" என்று கேட்பான். "பாஸ்," என்பேன். என் வேலையில் நான் தெரிந்தே போட்ட பொய்யான பாஸ் அது ஒன்றுதான்.

கிரேன் போய்விட்டது. விடுப்பு முடிந்து வந்தால் கருவி அறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று எழுத்து மூலமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்தது. வாய் ஓயாதவன், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அவன் மனைவி சிறுதானியத்தில் களி கிண்டி, காய்கறியை அளந்து வைத்துவிட்டுப் போவாள். பாதி அப்படியே இருக்கும். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது, ஆளும் இறங்கிக்கொண்டிருந்தான். டிவியை ஓடவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். புண்ணோ ஆறுவேனா மாட்டேனா என்று இழுத்துக்கொண்டே போனது.

தெரிந்தவர்கள் எல்லாரும் அவன் போனுக்கு நல்வாழ்வுச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாமரைப் படம், சூரிய உதயம், கீழே நாலு வரி உபதேசம். ஒரு நாள் அதில் ஒன்றை எனக்குக் காட்டினான்.

"பாரு மாமே. ஒடம்புக்குத் தனியா சோறு, மனசுக்குத் தனியா சோறு, ஆன்மாவுக்குத் தனியா சோறு போடணுமாம். எவன் எழுதுனதுன்னு தெர்ல."

"நல்லதுதானே சொல்லியிருக்கான்."

"எனக்கு மூணும் ஒரே எடத்துல கெடச்சுகினு இருந்துச்சு. மேல. ஏணி ஏறுனா ஒடம்புக்கு வேல. தூக்குறப்போ புத்தி வேற எங்கயும் போவாது. அங்க ஒக்காந்துகினா கீழ எல்லாரும் அண்ணாந்து பாக்கணும். ஆபீசரா இருந்தாலும் பாக்கணும். எங்க நைனாவ ஒருத்தன் அண்ணாந்து பாத்ததில்ல."

சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அவனை மூன்று வருடம் மேலேயே உட்கார வைத்திருக்கலாம் என்று நான் போட்ட கணக்கு எவ்வளவு மட்டமானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்திருந்தால், அந்த டாக்டர் சொன்ன அன்றே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். முதலிலேயே கட்டுப்படுத்தியிருந்தால் காலும் இருந்திருக்கும், கிரேனும் இருந்திருக்கலாம்.

அன்று அவன் கால் என் மடியில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். புதிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது, காலில் அடிபட்டால் தெரியாது என்று அப்போதே எச்சரித்தது, நான் யாரிடமும் சொல்லாதது, எல்லாவற்றையும்.

அவன் நிதானமாகக் கேட்டான்: "தெரிஞ்சுகினே சொல்லலியா?"

"ஆமா."

"நான் கிரேன்லேர்ந்து எறங்கிடுவேன்னா?"

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான். எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தது தப்புன்னு நம்ம ஆளுங்க முன்னாடி ஒத்துக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் நெஜம்."

அவன் காலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். அந்தப் புண்ணைத் தரையில் ஊன்றக் கூடாது. நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"ரயிலுக்கு நேரமாயிடுச்சு. கெளம்பு," என்றான்.

மறு நாள் அவன் மனைவி கேட்டிலேயே நின்றிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணே, அது உங்களப் பாக்க மாட்டேங்குது. எனக்கும் உங்க மேல கோவந்தான். பொய் சொல்லல."

"சரிம்மா," என்றேன். திரும்பி நடக்கப் போனேன்.

"நில்லுங்க. இனிமே நான்தான் பாக்கணும். எதப் பாக்கணும், எப்டிப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

கம்பெனி வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே டார்ச்சை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, புறங்கையை எங்கே வைப்பது, எந்த நிறம் வந்தால் பயப்பட வேண்டும் என்று சொன்னேன். அவள் தன் உள்ளங்கையைப் பாதமாக வைத்துக்கொண்டு திரும்பச் செய்து காட்டினாள். டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ரயிலில் உட்கார இடம் இருந்தும், தொழிற்சாலைக்கு இறங்குகிற அம்பத்தூர் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தேழு வயதுக்காரன் உட்கார்ந்து அழுதால் என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லுகிற ரகம் இல்லை. "அவர்கிட்ட சொல்லியாச்சு. மிச்சம் ஆறு பேரும் அதே பத்தியத்துலதானே இருக்காங்க? அவங்க கால் உங்களுக்குக் கால் இல்லையா?" என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை. அவனிடம் சொன்னதோடு என் பாரத்தை இறக்கிவைத்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மதியம் ஏழு டிபன் பாக்ஸ் திறந்திருந்தன. யாரும் கை வைப்பதற்கு முன்னால் சொன்னேன். சேலத்துக்காரர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வேலூர்க்காரர் சாப்பிடாமல் பாக்ஸை மூடினார். ஒருவர் எழுந்து, "இவ்வளவு நாள் வாயில என்ன வெச்சிருந்தே?" என்று கேட்டார். அன்று யாரும் என் பாக்ஸில் கை வைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் தனியாகத் தின்ற முதல் தயிர்சாதம் அது.

ஆனால் அந்த வாரமே ஏழு பேரும் மருந்தகத்துக்குப் போய்க் கை நீட்டினோம். பத்தியம் இல்லாமல், முதல் நாள் தின்றதைத் தின்றபடி. ஒருவருக்கும் நல்ல முடிவு வரவில்லை. எனக்கு முந்தின தடவையைவிட மோசம். டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டு, கால் நரம்பையும் சோதித்துவிடலாம் என்றார். என் கால் நன்றாக இருக்கிறது, தினமும் ஸ்டேஷனுக்கு நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். மதியச் சாப்பாடு மெல்ல மாறியது. ஒரே நாளில் யாரும் திருந்தவில்லை. சோறு குறைந்தது, சுண்டல் வந்தது, ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் நிறையக் கீரை வந்தது. பத்து நாள் போல ஆனதும் சேலத்துக்காரர் என் பாக்ஸை இழுத்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். குனிந்து சாப்பிட்டேன்.

அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. மூன்றாவது வாரம் அவன் மனைவிதான் கூப்பிட்டாள். புண் மூடிவிட்டதாம். பாதத்துக்கு இனி பயமில்லை, மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. என் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். புது மாதிரிச் செருப்பு, கையில் தடி, மூச்சு வாங்குகிறது. என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

"எதுக்குடா இவ்வளவு படி ஏறினே? சொன்னா நான் வர மாட்டேனா?"

"கிரேன் ஏணியில பாதிதான் இது." மூச்சு அடங்கியதும், "எல்லார்கிட்டயும் சொன்னியாமே. சேலத்து அண்ணாத்தே போன் பண்ணாரு."

"சொன்னேன்."

"நல்லா வாங்கிக் கட்டிகினியா?"

"நல்லாவே."

அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. சிரித்தான் என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து என் டார்ச்சை எடுத்துத் தரையில் வைத்தான். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"நீ நாக்காலியில ஒக்காரு. காலக் காட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் நடக்கறேன்."

"நானும் அப்டித்தான் நடந்துகினு இருந்தேன். ஒக்காரு மாமே."

அவன் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது எனக்கும் உடம்பு கூசியது. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரல் இடுக்கெல்லாம் பார்த்தான். நான் அவனுக்குச் செய்ததைவிடப் பொறுமையாகச் செய்தான். பெரிய இரும்பைச் சின்னச் சத்தம்கூட இல்லாமல் இறக்கி வைத்த கை அது.

"புண்ணு எதுவும் இல்ல," என்றான். "கண்ண மூடு. எந்த வெரலுன்னு சொல்லு."

மூடினேன். சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது. தூரத்தில் ரயில் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி கிளம்புகிற ஹாரன் கேட்டது. நான் காத்திருந்தேன். அவன் வேண்டுமென்றே என்னைக் காக்கவைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ம், ஆரம்பி," என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை.

"என்னடா, தொடு."

பதில் வராததால் கண்ணைத் திறந்தேன். அவன் விரல் என் சுண்டு விரலின் மேல் இருந்தது.

"அஞ்சும் தொட்டுட்டேன் மாமே," என்றான்.

அவன் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. இன்னொரு கையை நீட்டினான்.

"அந்தக் காலயும் குடு."